கலாம் நினைவிடத்தில் ராக்கெட் இருக்கு... ராமேஸ்வரம் கடல் எங்கே?

ராமேஸ்வரம் போறவங்க ரூட் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அக்னி தீர்த்தத்தில் ஒரு முழுக்கு, 22 தீர்த்தம், சாமி தரிசனம், டிபன், அப்புறம் ஆட்டோ பேசி தனுஷ்கோடி. 2017 முதல் இந்த ரவுண்டில் இன்னொரு ஸ்டாப் சேர்ந்திருக்கிறது: தங்கச்சிமடம் தாண்டி, நெடுஞ்சாலை ஓரம் பேக்கரும்பில் இருக்கும் அப்துல் கலாம் தேசிய நினைவிடம்.

சென்னை கோட்டூர்புரத்தில் 1988-ல் திறந்த பிர்லா கோளரங்கத்துக்கு, 'இன்னிக்கு அங்க போலாம்'னு முடிவு பண்ணினவங்கதான் போவாங்க. இங்கே சாமி கும்பிட வந்த குடும்பமும் ராக்கெட் மாடலைப் பார்த்துவிட்டுப் போகிறது. அறிவியலைக் காட்ட இதைவிட நல்ல லொகேஷன் கிடைப்பது கஷ்டம். அதனால்தான் உள்ளே எதைக் காட்டுகிறார்கள் என்பது முக்கியமாகிறது.

உள்ளே என்ன இருக்கு?

2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் மறைந்த கலாம், ஜூலை 30 அன்று பேக்கரும்பில் அடக்கம் செய்யப்பட்டார். அங்கேயே டிஆர்டிஓ கட்டிய நினைவிடத்தை 2017 ஜூலை 27-ல் பிரதமர் மோடி திறந்துவைத்தார். முகப்பு இந்தியா கேட் மாதிரி, குவிமாடம் ராஷ்டிரபதி பவன் மாதிரி. கல் ஜெய்சால்மரிலிருந்தும் ஆக்ராவிலிருந்தும் வந்தது. நான்கு அரங்குகள்: சிறு வயதும் படிப்பும், இஸ்ரோ - டிஆர்டிஓ காலம், ஜனாதிபதி காலம், கடைசி ஆண்டுகள். அவருடைய வீணை, சுகோய் விமானத்தில் பறந்தபோது அணிந்த உடை எல்லாம் இருக்கு. (திறந்த சில நாளிலேயே, வீணை வாசிக்கும் சிலை பக்கத்தில் பகவத் கீதை எதற்கு என்று சர்ச்சை கிளம்பியதும், குடும்பத்தினர் குர்ஆனும் பைபிளும் கொண்டுவந்து வைத்ததும் தனிக் கதை. ராக்கெட்டைப் பற்றி யாரும் அவ்வளவு பேசலை!)

ஆக, ஊரை விட்டுப் போய் டெல்லி வரை உயர்ந்த ஒரு பையனின் கதை. நினைவிடம்னா அப்படித்தான் இருக்கும், நியாயம்தான். ஆனால் ஊரிலேயே இருக்கும் பிள்ளைகள் தினமும் பார்க்கும் அறிவியலுக்கு இதில் எவ்வளவு இடம்?

1964-ஐ யார் விளக்குவது?

கலாமின் அப்பா, பக்தர்களை தனுஷ்கோடிக்கு ஏற்றிச்செல்லப் படகு வைத்திருந்தவர். அந்தப் படகைப் புயல் கொண்டுபோனதைக் கலாமே எழுதியிருக்கிறார். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே போனது, பயணிகளோடு ஒரு ரயிலும் போனது. இடிந்த சர்ச் முன்னாடி செல்ஃபி எடுக்கும் நமக்கு, கடல் ஏன் அவ்வளவு உயரம் ஏறியது என்று தெரியுமா? பாக் நீரிணையில் ஆழம் ரொம்பக் குறைவு. காற்று தள்ளும் தண்ணீருக்கு அடியில் திரும்பிப் போக வழி இல்லாததால், அது கரையில் குவிந்து ஏறுகிறது. இதைக் காட்ட ஒரு தண்ணீர்த் தொட்டியும் பெரிய ஃபேனும் போதும். ஏவுகணை மாடலைவிட செலவு குறைவு.

தீவின் இன்னொரு பக்கம் மன்னார் வளைகுடா. அங்கே 21 தீவுகளும் பவளப் பாறைகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அந்தத் தீவுகளைச் சுற்றி மூழ்கிப் பாசி எடுத்துப் பிழைத்த பெண்களுக்கு அந்த அறிவிப்பு முதலில் ஒரு தடையாகத்தான் வந்தது. பவளம் செத்தால் மீனுக்கு என்ன ஆகும் என்பது அவர்களுக்கு ஜெனரல் நாலெட்ஜ் இல்லை, சோத்துப் பிரச்சினை.

இந்தக் கடலைப் படிக்க ஆளில்லாமலும் இல்லை. 1947-ல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் முன்பு இருந்ததே பக்கத்து மண்டபத்தில்தான். தலைமையகம் 1971-ல் கொச்சிக்குப் போனாலும், கோபியா மீனின் குஞ்சுகளை நாட்டிலேயே முதன்முதலாக 2010-ல் பொரிக்க வைத்தது மண்டபம் மையம். அங்கேயும் மியூசியம் உண்டு. நம்ம டூர் வண்டிகள் அதைத் தாண்டித்தான் பாலம் ஏறுகின்றன.

அமெரிக்காவின் மான்டெரேயில் மத்தி மீன் டப்பா அடைத்த பழைய ஃபேக்டரி இருந்த இடத்தில், 1984-ல் கடல் காட்சியகம் திறந்தார்கள். பக்கத்துக் கடலில் இருப்பதுதான் அங்கே ஹீரோ.

இங்கே அதற்குக் கோடிகளில் திட்டம் வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் நிற்கும். கோடை லீவு கூட்டம் வருவதும் அப்போதுதான். பாம்பனில் மீனவர்களுக்காகவே 'கடல் ஓசை' எஃப்எம் இருக்கு. வாடைக்கும் கச்சானுக்கும் கடல் எப்படி மாறும்னு சொல்ல ஒரு மீனவரை உட்கார வைக்க, அந்த நான்கு அரங்குகளில் ஒரு மூலை கிடைக்காதா?