ரயில் ஹாரனும் ரிஷபமும்

ஒலி, அலை இயக்கம் பற்றிய கணக்கு என்றதும் நம் பிள்ளைகள் சூத்திரப் பட்டியலை எடுத்துக்கொள்கிறார்கள். கூட்டல் குறியா, கழித்தல் குறியா என்பதிலேயே கவனம் முழுவதும் போய்விடுகிறது. வந்த விடை காதால் கேட்கக்கூடியதா என்று நின்று யோசிப்பதில்லை. பயிற்சி வகுப்புகளில் அதற்கு நேரமும் இல்லை.

இதற்கிடையே 2022-இல் பாடச்சுமையைக் குறைத்தபோது என்.சி.இ.ஆர்.டி. பதினோராம் வகுப்பு இயற்பியலிலிருந்து டாப்ளர் விளைவை நீக்கிவிட்டது. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் படிக்கும் நம் குழந்தைகளுக்கு இது நஷ்டம். சுமை குறைய வேண்டியதுதான். ஆனால் கருவி எதுவும் இல்லாமல், காதை மட்டும் வைத்துச் சோதிக்கக்கூடிய பாடத்தையா எடுப்பது?

ரயில்வேயில் பொறியாளராக இருந்தவன் என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் பாசம் அதிகம். டாப்ளர் தம் கருத்தை வெளியிட்டது 1842-இல். அதைச் சோதிக்க 1845-இல் ஹாலந்து நாட்டின் பாய்ஸ் பாலட், எக்காளம் ஊதுவோரை ரயிலில் ஏற்றினார். சுருதி அறிந்த இசைக் கலைஞர்களைத் தண்டவாளத்தின் ஓரம் நிறுத்திக் கேட்கச் சொன்னார். கருத்து சரியென்று தெரிந்தது.

நாமும் ஒரு கணக்குப் போடுவோம். ரயிலின் வேகம் மணிக்கு 72 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 20 மீட்டர். காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்கு 340 மீட்டர். ஹாரனின் அதிர்வெண் 400 ஹெர்ட்ஸ். ரயில் நம்மை நோக்கி வரும்போது கேட்பது 400 × 340 / 320 = 425 ஹெர்ட்ஸ். விலகிப் போகும்போது 400 × 340 / 360, ஏறக்குறைய 378.

பிள்ளைகள் இத்துடன் நோட்டை மூடிவிடுவார்கள். சுவையான பகுதி இனிமேல்தான். முதல் விடையை இரண்டாவதால் வகுத்தால் 360/320, அதாவது 9/8. சட்ஜத்துக்கும் சதுச்ருதி ரிஷபத்துக்கும் உள்ள விகிதம் இதுவே! நம்மைக் கடக்கும் ரயில் ‘ரி’யிலிருந்து ‘ஸ’வுக்கு இறங்குகிறது. ஹாரனின் அதிர்வெண் எதுவானாலும் இந்த விகிதம் மாறாது. பாட்டு கற்கும் குழந்தை இந்த விடையைப் பாடியே காட்டிவிடும்.

இன்னொரு கேள்வியும் கேட்டுப் பாருங்கள். சீரான வேகத்தில் வரும் ரயில் நெருங்க நெருங்கச் சுருதி ஏறுமா? பலரும் ஏறும் என்பார்கள். ஏறுவது சத்தம்தான். சுருதி அப்படியே நின்று, ரயில் நம்மைக் கடக்கையில் சட்டென்று இறங்கும். சூத்திரம் தெரிந்தவரும் இங்கே தடுமாறுவார்.

பெற்றோருக்கு என் யோசனை இது. வாரத்துக்கு இரண்டே கணக்குகள் போதும். சூத்திரத்தைத் தொடுமுன், விடை கூடுமா, குறையுமா, எவ்வளவு இருக்கும் என்று பிள்ளையைத் தமிழிலேயே சொல்லச் சொல்லுங்கள். பிறகு போடட்டும். நிற்காமல் செல்லும் ரயிலை பிளாட்பாரத்தில் மஞ்சள் கோட்டுக்கு வெகு பின்னால் நின்று கேட்கட்டும். தண்டவாளத்தின் பக்கம் போகவே கூடாது. சங்கத்தின் ஞாயிறு வகுப்பிலும் இதற்கு அரை மணி ஒதுக்கலாம்.

“பள்ளித் தேர்வில் வராதே தாத்தா” என்பார்கள். வராதுதான். இதயத்தில் ரத்தம் ஓடும் வேகத்தை டாக்டர் எக்கோவில் பார்ப்பதும், சாலையில் போலீஸ்காரர் காரின் வேகத்தை அளப்பதும் இதே தத்துவத்தால்தான். பாடநூலில் இடமில்லாவிட்டால் நம் வீட்டில் இடம் கொடுப்போம்.