"ஆம்பிளப் புள்ளைகள் என்டா அப்படித்தான்"



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது முழுமையாக வாசியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டுக் கீழே சண்டைக்கு வர வேண்டாம் என்று மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்கிறோம்.

சில வருடங்களுக்கு முன்னர் நாங்கள் படிப்பித்த ஒரு பாடசாலையில் நடந்த சம்பவம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்று இடைவேளை முடிந்து மாடிப்படி ஏறி வரும்போது, பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் வழிமறித்துத் தொடக்கூடாத இடத்தில் கை வைத்துவிட்டான். பிள்ளை அழுதுகொண்டு ஆசிரியர் அறைக்கு வந்தது. நாங்கள் ஏழெட்டுப் பேர் அங்கே இருந்தோம்.

முதல் கேள்வி: "நீ ஏன் புள்ள அந்தப் படியால தனிய வந்த?"

இரண்டாவது கேள்வி: "பர்தாவ ஒழுங்காப் போட்டிருந்தியா?"

மூன்றாவதாக ஒரு மூத்த ஆசிரியர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஆம்பிளப் புள்ளைகள் என்டா அப்படித்தான். வயசுக் கோளாறு. ஓ.எல். சோதினையும் வருது. அவன்ட வாழ்க்கையக் கெடுக்க ஏலாதே."

பையனுக்கு ஒரு எச்சரிக்கை. பிள்ளையின் உம்மாவைக் கூப்பிட்டு, "விசயத்தப் பெரிசாக்காதீங்க, உங்கட புள்ளட பேர்தான் கெடும்" என்று ஒரு புத்திமதி. அத்தோடு விடயம் முடிந்தது. அடுத்த தவணைக்கு அந்தப் பிள்ளை பாடசாலைக்கு வரவில்லை. பையன் பரீட்சை எழுதினான், நல்ல பெறுபேறு எடுத்தான், பரிசளிப்பு விழாவில் மேடையேறினான். நாங்கள் எல்லோரும் கை தட்டினோம்.

அன்று அந்த அறையில் நாங்களும் வாய் திறக்கவில்லை. இந்தப் பதிவை எழுத இத்தனை வருடம் எடுத்ததற்கும் அந்த வெட்கம்தான் காரணம்.

பத்திரிகையில் ஒரு துஷ்பிரயோகச் செய்தி வந்தால் நமது ஊர் வட்ஸ்அப் குழுக்களைக் கவனித்துப் பாருங்கள். முதல் அரை மணித்தியாலம் கோபம். அதன் பிறகு மெதுவாகப் பழமொழிகள் இறங்கும். "ஊசி இடம் குடுக்காம நூல் நுழையுமா?" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "பஞ்சையும் நெருப்பையும் பக்கத்துல வெச்சா பத்தத்தானே செய்யும்" என்பார் இன்னொருவர். "தொதலத் திறந்து வெச்சா ஈ மொய்க்கும்" என்று மூன்றாமவர். கடைசியில் யாராவது ஒரு சாச்சி, "முள்ளு சேலையில பட்டாலும், சேல முள்ளுல பட்டாலும் சேலைக்குத்தான் நட்டம்" என்று முடித்துவைப்பார்.

இந்தப் பழமொழிகளில் ஆண் என்னவாக வருகிறான் என்று நாம் யோசித்திருக்கிறோமா? நூல். நெருப்பு. ஈ. முள். நான்கிலும் புத்தி இல்லை. நூலுக்கு நன்மை தீமை தெரியாது. நெருப்பிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை. ஈக்கு மறுமை கிடையாது. நமது மகனை, தம்பியை, வாப்பாவை இப்படித்தான் நாம் நினைக்கிறோமா? அக்ல் கொடுக்கப்பட்ட, பருவ வயதை அடைந்த நாளிலிருந்து ஒவ்வொரு செயலுக்கும் கணக்குக் கேட்கப்படும் மனிதன் என்றுதானே மத்ரஸாவில் படித்தோம்? தொழுகைக்கு அவன் மனிதன், கொடுக்கல் வாங்கலுக்கு அவன் மனிதன், ஒரு பெண் பிள்ளைக்கு முன்னால் மட்டும் அவன் ஈயா?

ரமழானை எடுத்துக்கொள்ளுங்கள். நமது ஊரில் பதினைந்து வயதுப் பையன் வெயிலில் பதின்மூன்று மணித்தியாலத்துக்கு மேல் நோன்பு பிடிக்கிறான். தாகம் பாலுணர்வைவிடக் கடுமையானது. அது உயிரோடு சம்பந்தப்பட்டது. வீட்டில் ஆளில்லை. பிரிட்ஜில் குளிர்ந்த தண்ணீர் இருக்கிறது. கதவைப் பூட்டிக்கொண்டு குளிக்கும்போது ஒரு மிடறு விழுங்கினால் யாருக்கும் தெரியாது. ஆனால் அவன் குடிப்பதில்லை. அந்தக் கட்டுப்பாட்டை நாம்தான் ஏழெட்டு வயதிலிருந்து சொல்லிச் சொல்லிப் பழக்கினோம். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே தாகத்தை அடக்கத் தெரிந்தவனுக்குத் தன் கையை அடக்கத் தெரியாது என்று சொன்னால் நாம் யாரை ஏமாற்றுகிறோம்? அவனுக்கு முடியாமல் இல்லை. இதில் அடக்க வேண்டும் என்று நாம் பழக்கவில்லை. அவ்வளவுதான்.

"இயற்கை" என்று சொல்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பஸ்ஸில் உரசுகிறவன் பொலிஸ்காரர் ஏறியவுடன் நேராக நிற்கிறான். தன் உம்மா பக்கத்தில் இருந்தால் அவனுக்கு அந்த "இயற்கை" வருவதில்லை. கேட்பதற்கு ஆளில்லாத வீட்டுப் பிள்ளையை, வாப்பா வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையை, வாய் பேசத் தெரியாத பிள்ளையைத் தேடி எடுக்கிறான். தும்மல் இயற்கையானது, அது ஆள் பார்த்து வருவதில்லை. ஆளையும் இடத்தையும் நேரத்தையும் பார்த்து வருவது கணக்குப் போட்டுச் செய்யும் வேலை.

இதற்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. 2013இல் கெயார் நிறுவனம் இலங்கையில் கொழும்பு, அம்பாந்தோட்டை, மட்டக்களப்பு, நுவரெலியா ஆகிய நான்கு மாவட்டங்களில் ஆண்களிடமே கேட்டு ஓர் ஆய்வை வெளியிட்டது. ஏறக்குறைய 15 சதவீதமானோர் தம் வாழ்நாளில் ஒரு தடவையாவது பாலியல் வல்லுறவு செய்ததாக ஒப்புக்கொண்டார்கள். இது பயங்கரமான எண்ணிக்கை. ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். ஏழு பேரில் ஆறு பேர் அப்படிச் சொல்லவில்லை. ஆணின் இயல்பே அதுதான் என்றால் அந்த ஆறு பேரும் ஆண்கள் இல்லையா? செய்தவர்களிடம் ஏன் செய்தீர்கள் என்று கேட்டபோது அதிகமானோர் கொடுத்த காரணம், தமக்கு அந்த உரிமை இருக்கிறது என்ற எண்ணம். அவர்களில் 96 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் சட்டத்தால் எந்த விளைவையும் சந்திக்கவில்லை. உரிமை இருக்கிறது என்ற எண்ணமும், கேட்க ஆளில்லை என்ற துணிவும் இரத்தத்தில் ஊறி வருவதல்ல. இரண்டையும் கொடுப்பது வீடும் ஊரும்தான்.

உடுப்பையும் நேரத்தையும் குறை சொல்பவர்களுக்கு இரண்டு சம்பவங்களை ஞாபகப்படுத்துகிறோம். 2015 மே மாதம் புங்குடுதீவில் கொல்லப்பட்ட மாணவி காலை நேரத்தில் பாடசாலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். 2025 மார்ச்சில் அனுராதபுரம் போதனா வைத்தியசாலையில் பாதிக்கப்பட்ட வைத்தியர் கடமை முடிந்து தனது விடுதிக்குத் திரும்பியிருந்தார். ஒருவர் படிக்கப் போனவர், மற்றவர் நோயாளிகளைப் பார்த்துவிட்டு வந்தவர். இன்னும் சொல்லவா? ஜுப்பாவும் தொப்பியும் போட்டுக்கொண்டு ஓதப் போன ஆண் பிள்ளைகளும் பாதிக்கப்படுகிறார்கள். அந்தப் பிள்ளையின் உடுப்பில் என்ன குறை? இந்தக் கேள்விக்கு வட்ஸ்அப் குழுக்களில் பதில் வருவதில்லை. பேச்சை மாற்றிவிடுவோம்.

2017இல் ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் வெளியிட்ட ஆய்வின்படி, நம் நாட்டில் 90 சதவீதமான பெண்கள் பஸ்ஸிலோ ரயிலிலோ பாலியல் தொந்தரவை அனுபவித்திருக்கிறார்கள். பொலிஸாரின் உதவியைத் தேடியவர்கள் 4 சதவீதம் மட்டுமே. நமது பெண்கள் அபாயா அணிந்துகொண்டுதான் பஸ் ஏறுகிறார்கள். உங்கள் மனைவியிடம், தங்கையிடம் இன்றிரவு கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லமாட்டார்கள் என்றால், ஏன் சொல்ல முடியவில்லை என்று உங்களையே கேளுங்கள்.

"அப்படியென்றால் ஹிஜாப் தேவையில்லை என்கிறீர்களா?" என்று சிலர் கேட்பார்கள். இல்லை. அது அந்தப் பெண்ணுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலான கடமை. ஓர் ஆணின் குற்றத்துக்கு அதை யாரும் சாட்டாக எடுக்க முடியாது. பூட்டாத வீட்டில் திருடியவனும் திருடன்தான். சூரதுந் நூரில் பார்வையைத் தாழ்த்தும் கட்டளை 30ஆவது வசனத்தில் முதலில் ஆண்களுக்குத்தான் வருகிறது. பெண்களுக்கான 31ஆவது வசனம் அதற்கு அடுத்தது. நமது பயான்களில் இந்த ஒழுங்கு ஏன் தலைகீழாகிறது? ஹஜ்ஜதுல் விதாவின்போது தன் வயதான வாப்பாவுக்காக ஹஜ் செய்யலாமா என்று கேட்க ஒரு பெண் வந்தார். வாகனத்தில் பின்னால் இருந்த இளைஞர் பழ்ல் இப்னு அப்பாஸ் (ரழி) அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நபி (ஸல்) அவர்கள் அந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்பவில்லை. பழ்லுடைய முகத்தைத்தான் தமது கையால் மறுபக்கம் திருப்பிவிட்டார்கள். பெண்ணின் கேள்விக்குப் பதிலும் சொன்னார்கள். எங்கள் ஆசிரியர் அறையில் நாங்கள் செய்தது இதற்கு நேர் எதிரானது. நாங்கள் பிள்ளையைத்தான் திருப்பி அனுப்பினோம்.

"பொய்க் குற்றச்சாட்டு வராதா?" என்பது அடுத்த கேள்வி. வரலாம். யூசுப் (அலை) அவர்கள் மீதே வந்தது. அங்கே கதவுகள் மூடப்பட்டிருந்தன, அழைப்பு அந்தப் பக்கமிருந்து வந்தது. இளைஞரான அவர் கதவை நோக்கி ஓடினார். "ஆண் என்றால் அப்படித்தான்" என்பதற்கு இதைவிடப் பெரிய மறுப்பு எது? பிறகு உண்மை எப்படி வெளிவந்தது? சட்டை முன்னால் கிழிந்திருக்கிறதா, பின்னால் கிழிந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். அது விசாரணை. பொய்யைப் பிடிப்பதற்கும் உண்மையைக் காப்பாற்றுவதற்கும் வழி அது ஒன்றுதான். "அவள் எப்படிப்பட்டவள் தெரியுமா" என்று குழுவில் எழுதுவதும், அந்தப் பிள்ளையின் போட்டோவையும் வீடியோவையும் கைக்குக் கை அனுப்புவதும் விசாரணை அல்ல. அதை அனுப்புகிறவர்களும் அந்தப் பிள்ளையை இன்னொரு தடவை துன்புறுத்துகிறார்கள்.

இப்போது கசப்பான விடயத்துக்கு வருவோம். இப்படி ஒன்று நடந்தால் நமது ஊர்களில் முதலில் பள்ளிவாசலுக்குப் போகிறோம். ஊர்ப் பெரியவர்கள் கூடுகிறார்கள். "ஊர் மானம் போகும்" என்கிறார்கள். காசு கொடுத்துத் தீர்ப்பதும் உண்டு, "அவனுக்கே கட்டி வெச்சிருவோம்" என்று நிகாஹ் பேசுவதும் உண்டு. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் திருமணத்துக்குக் குறைந்தபட்ச வயதை நிர்ணயிக்காமல் விட்டது இதற்கும் வசதியாகப் போய்விட்டது. தன்னை நாசமாக்கியவனோடு காலம் முழுக்க வாழ் என்பது ஒரு பிள்ளைக்குக் கொடுக்கும் தீர்வா, தண்டனையா?

நாட்டின் சட்டத்தையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். தண்டனைச் சட்டக்கோவையின் 363ஆவது பிரிவின்படி, 16 வயதுக்குக் குறைந்த பிள்ளை "சம்மதித்தாள்" என்பது பாதுகாப்பாகாது. 1995இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, சம்மதமில்லை என்று நிரூபிக்க உடம்பில் காயம் இருக்க வேண்டும் என்ற அவசியமுமில்லை. ஆகவே "போராடின அடையாளம் இல்லையே" என்ற நமது கேள்விக்குச் சட்டத்தில் இடமில்லை. பயத்தில் உறைந்துபோன பிள்ளை போராடாது. பஸ்ஸில், வேலைத்தலத்தில், மாடிப்படியில் செய்யும் பாலியல் தொந்தரவுக்கு 345ஆவது பிரிவின் கீழ் ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். வல்லுறவு என்பது பள்ளிவாசல் மண்டபத்தில் சமாதானம் பேசித் தீர்க்கும் விவகாரம் அல்ல. பெரியவர்கள் செய்யவேண்டியது அந்தக் குடும்பத்தோடு பொலிஸ் நிலையம்வரை கூடப்போவதுதான். அதுதான் ஊர் மானம்.

வீட்டில் என்ன செய்யலாம்? மகள்மாருக்கு நாம் சொல்லாத புத்தி இல்லை. எங்கே போகாதே, யாரோடு பேசாதே, எப்படி நடக்காதே என்று நாள் முழுக்கச் சொல்கிறோம். மகனை உட்காரவைத்து, "மகன், ஒரு புள்ள வேணாம் என்டா வேணாம்தான். சிரிச்சாலும் அது சம்மதமில்ல. பயந்து பேசாம இருந்தாலும் சம்மதமில்ல" என்று எத்தனை வாப்பாமார் சொல்லியிருக்கிறோம்? "என்ட மகனுக்குப் பின்னால எத்தின புள்ளைகள்" என்று கல்யாண வீட்டில் பெருமை பேசத் தெரிகிறது. அவன் கூட்டாளிமாரோடு சந்தியில் நின்று போகிற பிள்ளைகளைக் கேலி செய்யும்போது கூப்பிட்டுக் கண்டிக்கத் தெரியவில்லை. மகன்மாரும் பாதிக்கப்படலாம், அவர்களும் சொல்வதற்கு ஒரு காது வேண்டும் என்பதையும் மறந்துவிடுகிறோம்.

ஆசிரியர்களாகிய எங்களுக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. ஒரு பிள்ளை அழுதுகொண்டு வந்தால் முதல் வார்த்தை "நீ சொன்னது நல்லது, உன்னில பிழையில்ல" என்பதாக இருக்கட்டும். அந்த ஒரு வசனத்தில் அந்தப் பிள்ளையின் படிப்பு தங்கியிருக்கலாம். எங்களுக்குத் தெரியும், ஒரு பிள்ளையை அப்படி இழந்தவர்கள் நாங்கள்.

இந்த இலக்கங்களைச் சேமித்து வையுங்கள். பிள்ளைகள் தொடர்பாகத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை 1929. பெண்கள் உதவி இலக்கம் 1938. அவசரத்துக்குப் பொலிஸ் 119.

அந்தப் பிள்ளை இப்போது பெரியவளாகியிருப்பாள். இந்தப் பதிவு அவளுடைய கண்ணில் படுமோ தெரியாது. பட்டால், மகள், அன்று நாங்கள் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. எங்களை மன்னித்துக்கொள்ளுங்கள்.

மற்றவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் முன்னால் யாராவது "ஆம்பிளப் புள்ளைகள் என்டா அப்படித்தான்" என்று சொன்னால், சிரித்துக்கொண்டு கடந்து போகாதீர்கள். "இல்ல, எங்கட புள்ளைகள் அப்படி இல்ல, நாங்க அப்படி வளக்கவும் இல்ல" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அது உண்மையாகும்படி வளர்ப்போம்.

அல்லாஹ் நம் எல்லோருடைய பிள்ளைகளையும் பாதுகாப்பானாக. ஆமீன்.