பொப் பாடலுக்கும் ஒரு வரலாறு வேண்டும்

மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கிலும் வாழும் அறுபது வயது கடந்தவர்களிடம் எழுபதுகளின் தமிழ்ப் பொப் பாடல்களைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். முகம் மலரும், விரல்கள் தாமாகவே தாளம் போடும். எந்தக் கலியாண வீட்டில், எந்தத் திருவிழாவின் ஒலிபெருக்கியில் எந்தப் பாட்டைக் கேட்டோம் என்று ஒருவர் தொடங்க, மற்றவர் அதனைத் திருத்துவார். ஆயின் அப்பாட்டிலே கிற்றார் வாசித்தவர் யார், மெட்டமைத்தவர் யார், அது எந்த ஆண்டிலே இசைத்தட்டாயிற்று என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். அன்பு நிறைய உண்டு, வரலாறு இல்லை. இக்குறையைப் பற்றிச் சிந்திக்க வேண்டிய காலம் வந்துவிட்டது, சொல்லப்போனால் கடந்துகொண்டிருக்கிறது.

அந்த இசை எவ்வாறு பிறந்தது? நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்ற இளைஞர்கள் கிற்றாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, சினிமாவின் மெட்டுகளையும் கச்சேரி மேடையின் மரபையும் சாராமல், தம் ஊரார் பேசும் தமிழிலே பாடினார்கள். 1970 முதல் 1977 வரை நாட்டில் நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடும் அவர்களுக்கு ஒருவகையில் துணை நின்றது. தென்னிந்தியச் சஞ்சிகைகளும் படங்களும் முன்போலத் தாராளமாக வந்து குவியாத அவ்வாண்டுகளில், உள்ளூர்ப் படைப்புக்கு உள்ளூரிலேயே செவிகள் கிடைத்தன. இலங்கை வானொலி அப்பாடல்களை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. 1977இல் பொருளாதாரக் கதவு திறக்கப்பட்டதும் பிறநாட்டு ஒலிநாடாக்கள் சந்தையை நிரப்பின. 1983க்குப் பின்னர் பாடியவர்களும் கேட்டவர்களும் திக்குக்கு ஒருவராய்ச் சிதறினார்கள். ஒரு தலைமுறையின் இசை, பத்துப் பதினைந்து ஆண்டுக்குள் எழுந்து அடங்கிவிட்டது.

நமது எழுத்துலகம் அதனை அன்றும் பொருட்படுத்தவில்லை. இன்றும் பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை. இது வியப்புக்குரியது. ஏனெனில், அறுபதுகளின் தொடக்கத்தில் ஈழத்து எழுத்தாளர்கள் பெரியதொரு மரபுப் போரையே நடத்தியவர்கள். சாதாரண மக்களின் பேச்சுமொழியைச் சிறுகதையிலும் நாவலிலும் கையாண்டபோது, அதனை ‘இழிசனர் வழக்கு’ என்று பண்டிதர் சிலர் பழித்தனர். அப்பழிப்பை எதிர்த்து நின்று, மக்கள் மொழியும் இலக்கிய மொழியே என்று நிலைநாட்டியவர்கள் நம் எழுத்தாளர்கள். கதையிலே உரிமை பெற்ற அதே மொழி, கிற்றாரோடு சேர்ந்து பாட்டாக வந்தபோது மட்டும் வெறுங் கேளிக்கை என்று ஒதுக்கப்பட்டது என்ன நீதி?

எல்லாப் பொப் பாடல்களும் சிறந்தவை என்று வாதிடுவது எம் நோக்கமன்று. சில பாடல்களிலே சொல் மெலிந்தது. சிலவற்றிலே பெண்களைக் கேலி செய்வதே நகைச்சுவையாகக் கொள்ளப்பட்டது. ஆயினும், கள்ளுக்கடைப் பக்கம் போகாதே என்று நித்தி கனகரத்தினம் பாடியபோது, மேடைப் பிரசங்கம் செய்யாத வேலையை ஒரு துள்ளல் மெட்டுச் செய்ய முயன்றதை மறுக்க இயலுமா? நல்லதையும் அல்லாததையும் பிரித்துக் காட்டுவதே விமரிசகன் கடமை. பிரித்துக் காட்டாமல் முழுவதையும் புறக்கணிப்பது விமரிசனம் ஆகாது.

இவ்விடத்தில் மட்டக்களப்பாருக்குத் தனியானதோர் உரிமையும் உண்டு. பொப் பாடலுக்கு உயிரூட்டிய தாளம் பைலாத் தாளம். அத்தாளத்தின் வேர், போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற கபரிஞ்ஞா ஆட்டத்திலும் பாட்டிலும் இருக்கிறது. போர்த்துக்கேயர் இங்கே 1628இல் கோட்டை கட்டினர். 1638இல் அதனை ஒல்லாந்தரிடம் இழந்தனர். ஆட்சி பத்தாண்டில் முடிந்தது, இசை முடியவில்லை. தச்சு வேலையும் கொல்லு வேலையும் செய்து நம்மிடையே வாழ்ந்த பறங்கியர் குடும்பங்கள், போர்த்துக்கேயக் கிறியோல் மொழியையும் வயலினும் கிற்றாரும் முழங்கும் கலியாண ஆட்டத்தையும் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தன. சிங்கள இசையுலகில் வொலி பஸ்தியன் அவ்விசையைப் பைலாவாக வளர்த்துப் பெரும்புகழ் பெற்றார். தமிழிலே அத்தாளம் பொப் இசையாகக் கேட்டபோது, வாவிக்கரையாருக்கு அது முற்றும் புதியதன்று. அயல்வீட்டுக் கலியாணத்தில் முன்பே கேட்ட ஓசைதான்.

பாட்டு வாழ்ந்து, பாடியவர் மறக்கப்படுவது எங்கும் நிகழ்வதே. பிரித்தானியாவிலே பாட்ஃபிங்கர் என்றொரு குழு இருந்தது. பீற்றில்ஸ் குழுவினரின் அப்பிள் நிறுவனம் வெளியிட்ட இசைத்தட்டுகளிலே பாடியவர்கள். அக்குழுவைச் சேர்ந்த பீற் ஹாம், ரொம் எவன்ஸ் இருவரும் இயற்றி 1970இல் வெளிவந்த ஒரு காதற் பாடலை ஹரி நில்சன் என்னும் அமெரிக்கர் பாட, 1972இல் அது இரு நாடுகளிலும் முதலிடம் பெற்றது. உலகம் பாட்டை அறிந்தது; இயற்றியவர்களை அறியவில்லை. பணச்சிக்கலிலே மனமுடைந்து 1975இல் ஹாமும், 1983இல் எவன்ஸும் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டனர். ஆனால் அவர்களுடைய ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. பழைய பதிவுகளைத் தேடினர்; எதனை யார் எழுதினார், யார் வாசித்தார் என்று குறித்து வைத்தனர். 2013இல் ஹாமின் பிறந்த ஊராகிய சுவான்சியில் நினைவுப் பலகையொன்று திறந்து வைக்கப்பட்டது.

நமக்கும் அத்தகைய பாட்டு ஒன்று உண்டு. மனோகரன் பாடிப் புகழ்பெற்ற ‘சுராங்கனி’ கடல் கடந்தது. 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ என்னும் தமிழகத் திரைப்படத்திலும் இடம்பெற்றது. இந்திய மொழிகள் பலவற்றுள்ளும் புகுந்தது. அதனைப் பாடி ஆடுவோருள் எத்தனை பேர், ‘சிலோன் மனோகர்’ என்று அழைக்கப்பட்டு 2018 ஜனவரியிலே சென்னையிற் காலமான அக்கலைஞரை அறிவர்?

சுவான்சி ரசிகர்கள் செய்ததை நாம் செய்வதற்கு இடையூறுகள் அதிகம் என்பது உண்மையே. 1978 நவம்பர்ச் சூறாவளி மட்டக்களப்பின் கூரைகளை மட்டுமா கொண்டுபோயிற்று? பெட்டிக்குள் இருந்த படங்களையும் தட்டுகளையும் கூடவே நனைத்து அழித்தது. அடுத்து வந்த போர் வீடுகளையே அழித்தது. 2004 டிசம்பர் 26இல் கடல் எழுந்து, பறங்கியர் செறிந்து வாழ்ந்த டச்பார்ப் பகுதியை உயிர்களோடு வாரிச் சென்றது. எஞ்சியிருப்பது மனிதர் நினைவு ஒன்றே. அதுவும் ஆண்டுதோறும் குறைந்து வருகிறது.

கூத்தின் கதையை நாம் மறந்துவிடலாகாது. நாட்டுப்புறத்தார் விடிய விடிய ஆடும் ஆட்டம் என்று கற்றவர் ஒதுக்கியிருந்த மட்டக்களப்புக் கூத்தை, அறுபதுகளிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டு சென்றார். ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ ஆகியவற்றைக் கண்டபின்னரே பலருக்கு அதன் பெருமை புலப்பட்டது. அண்ணாவிமாரிடம் சென்று, பொறுமையாகக் கேட்டு, எழுதிக்கொண்டவர்கள் இருந்தமையால் அது இயன்றது. பொப் இசைக்கும் அத்தகைய ஒருவர் வேண்டும்.

கல்லடியிலே விபுலானந்த அடிகளாரின் பெயரால் இயங்கும் அழகியற் கற்கைகள் நிறுவகம் இப்பணிக்குத் தகுந்த இடம். பண்டை யாழை ஆராய்ந்த பெரியாரின் நிறுவகம், நேற்றைய கிற்றாரை ஆராய்ந்தால் இழுக்கில்லை. மாணவர் ஒவ்வொருவரும் ஒரு முதியவரைக் கண்டு, அவர் நினைவைப் பதிவு செய்யலாம்: வாத்தியக்காரர் பெயர், மேடை, ஆண்டு, பாடலின் முழு வடிவம். இசைத்தட்டு வைத்திருப்போர் அதனைப் பிரதி செய்ய உதவலாம். 2005இல் தொடங்கி ஈழத்து ஆவணங்களை இணையத்திலே சேர்த்துவரும் ‘நூலகம்’ போன்ற முயற்சிகள் அவற்றைக் காக்கும்.

ரசிகர்களே, உங்கள் நினைவு இனியது. ஆனால் அது உங்களோடு போய்விடக் கூடாது. அடுத்த முறை பேரப்பிள்ளை ‘சுராங்கனி’யைத் தன் கைபேசியிலே கேட்டுச் சிரிக்கும்போது, பாடியவர் இன்னார், இன்ன காலத்தவர் என்று சொல்லிக் கொடுங்கள். முடியுமானால் எழுதியும் கொடுங்கள்.