எத்தனை பேருக்கு அட்டை தரவில்லை?

பல்லடத்துக்காரனுக்குக் கடலில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். எங்கள் தோட்டத்துக் கிணறு எண்பது அடி. நீச்சல் பழக்கிய மாமா என் இடுப்புக் கயிற்றை இரண்டு கோடைக்கு அவிழ்க்கவே இல்லை. 'உட்ருங் மாமா' என்று அழுதாலும், 'இன்னும் பதறுற கண்ணு, அடுத்த வருசம் பாத்துக்கலாம்' என்பார். அவருக்கு 'முடியாது' என்று சொல்லத் தெரிந்திருந்தது.

ஸ்கூபாவில் அது விலைபோகாத சொல். ஒரு கடற்கரை ஊரில் டெக்னிக்கல் டைவிங் வகுப்பில் சேர்ந்தேன். நடுநீரில் அசையாமல் நின்று ஒரு சிலிண்டரிலிருந்து இன்னொன்றுக்கு மூச்சை மாற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் இரண்டு மீட்டர் எகிறினேன், இல்லை சரிந்தேன். நான்காம் நாள் அட்டை கைக்கு வந்துவிட்டது. 'போகப்போகப் பழகிரும் ப்ரோ' என்றார் பயிற்றுநர். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதுதான் வெட்கம்.

சாதாரண டைவிங்கின் எல்லை 40 மீட்டர். சிக்கல் வந்தால் நேராக மேலே வரலாம். டெக்னிக்கலில் அது முடியாது. உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற, வழியில் அங்கங்கே நிமிடக்கணக்கில் நின்று நின்றுதான் ஏற வேண்டும். தலைக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத கூரை. கடைசி நிறுத்தத்தில் இழுக்கிற சுத்த ஆக்சிஜனோ 6 மீட்டருக்குக் கீழே போனால் வலிப்பை வரவழைக்கக்கூடியது. எகிறினால் கூரை, சரிந்தால் வலிப்பு. என் இரண்டு மீட்டரின் விலை அது.

மட்டக்களப்புக் கடலில், 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அதைப் பார்க்கத்தான் இத்தனை பாடும். அட்டை இருக்கிறது; போகவில்லை.

'வயசுக்கு வந்தவன், ரிஸ்க் தெரிஞ்சுதான கையெழுத்துப் போடறான்' என்பார்கள். என்னங்க தெரியும்? பயிற்றுநர் சரியில்லை என்று கண்டுபிடிக்கிற அறிவு இருந்தால் எனக்குப் பயிற்றுநரே வேண்டாமே! பி.ஏ.டி.ஐ. அமைப்பில் பொழுதுபோக்கு டைவிங் பயிற்றுநர் தேர்வுக்குப் போக 100 டைவ் கணக்கில் இருந்தால் போதும். நூறு நடை டவுன்பஸ் ஓட்டியவரிடம் வால்பாறை வண்டியைக் கொடுப்போமா? டெக்னிக்கலுக்கு எண்ணிக்கை கூடும், சரி. ஆனால் அட்டைக்கு அட்டை ஏஜென்சிக்குக் காசு. தோற்ற மாணவனால் யாருக்கு என்ன வரும்படி?

இப்போது சேர்வதற்கு முன் ஒன்றுதான் கேட்கிறேன்: 'போன வருசம் எத்தன பேருக்கு அட்டை தரமாட்டேன்னு சொன்னீங்க?' மூன்று பேர் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் யோசித்து, 'நாலு பேருங்க. ஒருத்தர் இன்னும் திட்டிட்டிருக்கார்' என்றார். அவரிடம் முன்பணம் கட்டியிருக்கிறேன்.