பண்ணிக் கொடுக்காதீர்கள், பதிவு செய்து கொடுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பேரப்பிள்ளைகள் படித்தால் நல்லது. அவர்களுக்கு நேரமில்லை என்றால் வீட்டுப் பெரியவர்கள் படித்துக் காட்டலாம், தப்பில்லை.

"குடுங்க தாத்தா, நான் பண்ணித் தர்றேன்."

இந்த ஒரு வாக்கியத்தை எதிர்த்துத்தான் எழுதுகிறேன். கேட்க அன்பாகத்தான் இருக்கும். போன் கையை விட்டுப் போகும். பத்து விநாடி இரண்டு கட்டைவிரலும் பறக்கும். போன் திரும்பி வரும். "முடிஞ்சிருச்சு." எது முடிந்தது, எங்கே தொட்டான், எதை அழுத்தினான், ஒன்றும் தெரியாது. அடுத்த தடவை கரண்ட் பில் கட்ட அவன் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை திண்ணையில் காத்திருக்க வேண்டியதுதான். அவனும் காலேஜுக்கு, வேலைக்கு என்று வெளியூர் போய்விட்டால்? பக்கத்து வீட்டுப் பையன். அவனும் இல்லையென்றால் கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடைக்காரர்.

முப்பத்து நான்கு வருடம் கரும்பலகை முன்னால் நின்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன், இதற்குப் பெயர் உதவி இல்லை. பையனின் கணக்கை வாத்தியாரே போட்டு, விடையையும் எழுதி, முழு மதிப்பெண்ணும் போட்டுக் கொடுப்பது எப்படியோ அப்படி. ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குத் தலையில் குட்டிக் குட்டிச் சொன்னது 'செய்து கற்றல்'. செய்ய வேண்டியவன் கற்பவன், நாம் இல்லை.

பண்ணித் தருவதை நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. பண்ணும்போது திரையைப் பதிவு செய்யுங்கள், வாயால் சொல்லிக்கொண்டே செய்யுங்கள் என்கிறேன். அதற்கான வசதி போனிலேயே கிடக்கிறது. ஐபோனில் 2017இல் ஐஓஎஸ் 11 வந்தபோதே வந்துவிட்டது. ஆண்ட்ராய்டு போன்களில் 2020இல் வந்த ஆண்ட்ராய்டு 11 முதல் கூடவே வருகிறது. தனியாக ஆப் இறக்கத் தேவையில்லை, இறக்கவும் வேண்டாம். ஆண்ட்ராய்டில் திரையின் மேல்விளிம்பிலிருந்து விரலால் இரண்டு தடவை கீழே இழுத்தால் டார்ச், வைஃபை எல்லாம் இருக்கும் கட்டங்கள் வரும். அங்கே 'ஸ்கிரீன் ரெக்கார்டர்' என்றோ 'ஸ்கிரீன் ரெக்கார்ட்' என்றோ ஒன்று இருக்கும். கண்ணில் படாவிட்டால் பென்சில் படத்தைத் தொட்டுப் பாருங்கள், உள்ளே ஒளிந்திருக்கும். தொடங்கும் முன் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, மைக்கை இயக்க வேண்டும், இல்லையென்றால் ஊமைப்படம். இன்னொன்று, விரல் தொடும் இடத்தைக் காட்டும் வசதி பல போன்களில் உண்டு, அதையும் இயக்க வேண்டும். விரல் படும் இடத்தில் ஒரு வட்டம் தெரியும். வயதானவர்களுக்கு அந்த வட்டம்தான் வாத்தியாரின் பிரம்பு.

"அதான் யூடியூப்ல ஆயிரம் வீடியோ கிடக்கே சார்" என்பார்கள். கிடக்கிறது. அந்த வீடியோவில் இருக்கும் போன் வேறு, நம் போன் வேறு. அதில் மூன்று புள்ளி மேலே இருக்கும், நம்மிடம் கீழே இருக்கும். அதில் எல்லாம் ஆங்கிலம், நம்மிடம் தமிழ். முதல் இரண்டு நிமிடம் பெல் பட்டனை அழுத்தச் சொல்லிக் கெஞ்சல், பின்னணியில் ஒரு இசை வேறு. நம் போனில் நம் பேத்தி எடுத்த பதிவில் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். "இந்தா பாருங்க அப்பத்தா, இந்தப் பச்சை இருக்குல்ல, அதைத் தொடுங்க" என்ற குரலும் அதில் இருக்கும். நூறு தடவை போட்டுக் கேட்டாலும் அந்தக் குரலுக்குச் சலிப்பு வராது. நேரில் மூன்றாவது தடவை கேட்டால் வரும் எரிச்சலை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

பட்டா, சிட்டா எடுப்பதையே பாருங்கள். தமிழ்நாடு அரசின் இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால் கிடைத்துவிடும். வருடத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ செய்யும் வேலை. யாருக்கு நினைவிருக்கும்? இளைஞனுக்கும் இருக்காது. பதிவு இருந்தால் பார்த்துச் செய்யலாம்.

எதிர்த்திசையிலும் இது உதவும். கீரமங்கலம், அறந்தாங்கிப் பக்கம் எத்தனையோ வீடுகளில் பிள்ளை சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கிறான். "அப்பா, ஸ்கிரீன்ல இப்ப என்ன தெரியுது?" "என்னமோ ஒரு பொட்டி வந்திருக்குப்பா." அரைமணி நேரப் பேச்சுக்குப் பிறகும் அது என்ன பொட்டி என்று அவனுக்கும் விளங்காது, இவருக்கும் சொல்லத் தெரியாது. நடந்ததை அப்படியே பதிவு செய்து அனுப்பினால் ஒரே பார்வையில் அவன் கண்டுபிடித்துவிடுவான்.

இப்போது பெரிய ஆட்சேபணைக்கு வருகிறேன். "பெருசுங்களுக்கு இதெல்லாம் எதுக்கு? ஆபத்து. ஏமாத்திருவாங்க."

ஆபத்து எது என்று தெரிந்துதான் பேசுகிறார்களா? திரையைப் பதிவு செய்வது வேறு, திரையைப் பகிர்வது வேறு. பதிவு என்பது நம் போனுக்குள் கிடக்கும் வீடியோ. நாமாக அனுப்பினால்தான் வெளியே போகும். பகிர்வு என்பது நாம் பார்ப்பதையெல்லாம் அடுத்தவன் அதே நொடியில் எங்கோ உட்கார்ந்து பார்ப்பது. 'எனிடெஸ்க்' என்ற ஆப்பை இறக்கச் சொல்லி, அதில் வரும் 9 இலக்க எண்ணைக் கேட்டு வாங்கி, கணக்கில் இருப்பதைச் சுருட்டுகிறார்கள் என்று 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி எச்சரித்தது. 2023 ஆகஸ்டிலிருந்து வாட்ஸ்அப் வீடியோ காலிலேயே திரையைப் பகிரும் வசதி வந்துவிட்டது. ஆகவே போனில் பேசும் அந்நியன் வங்கி என்றாலும் போலீஸ் என்றாலும் திரையைக் காட்டச் சொன்னால் வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930.

பதிவிலும் கவனம் வேண்டும், மறுக்கவில்லை. பின் நம்பர் அடிக்கும் கட்டம் வந்தால் அதற்கு முன்பே பதிவை நிறுத்துங்கள். பதிவு ஓடும்போது ஓடிபி குறுஞ்செய்தி மேலிருந்து எட்டிப் பார்க்கும், 'தொந்தரவு செய்யாதே' என்பதைப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். வங்கி ஆப்கள் பலவற்றில் பதிவு செய்தால் கறுப்பாகத்தான் வரும். போன் கெட்டுவிட்டது என்று கடைக்கு ஓட வேண்டாம், பாதுகாப்புக்காக அவர்களே செய்து வைத்திருப்பது. ஆதார் எண் தெரியும் பதிவைக் குடும்பக் குழுவில் போடாதீர்கள். குடும்பக் குழுவில் போட்டது ஊர்ப் பொதுக்குழுவில் போட்ட மாதிரி.

இவ்வளவுதான் ஆபத்து, பத்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம். இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று தினமும் நடக்கிறது, அதை யாரும் ஆபத்து என்று சொல்வதில்லை. தன் போனைத் தானே கையாளத் தெரியாதவர், பூட்டைத் திறந்து முன்பின் தெரியாத ஒருவர் கையில் கொடுத்து, வரும் ஓடிபியையும் வாசித்துக் காட்டிக்கொண்டு நிற்கிறாரே, அதுதான் ஆபத்து. "உங்களுக்கு எதுக்கு" என்று சொல்லிச் சொல்லி அவரை அந்தக் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது யார்?

எளியவர் கையில் பதிவு ஒரு சாட்சியும்கூட. 2021 மே மாதம் சென்னைப் பள்ளி ஒன்றில் இணைய வகுப்பில் ஓர் ஆசிரியர் நடந்துகொண்ட விதம் வெளியே வந்து மாநிலமே கொதித்தது. இணைய வகுப்புகள் முழுவதையும் பதிவு செய்ய வேண்டும், பள்ளி நிர்வாகமும் பெற்றோர் பிரதிநிதிகளும் சேர்ந்து அவற்றை ஆய்வு செய்ய வேண்டும் என்று முதலமைச்சர் உத்தரவிட்டார். ஆசிரியர்களில் சிலருக்கு அது அவமானமாகப் பட்டது. எனக்குப் படவில்லை. ஒழுங்காகப் பாடம் நடத்துகிறவனுக்குப் பதிவால் என்ன நட்டம்?

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியிருப்பதே வருத்தம்தான். 1991இல் அறிவொளி இயக்கம் வந்தபோது நாம் என்ன செய்தோம்? அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தார். பெண்கள் சைக்கிள் ஓட்டுவதைப் பார்த்துக் கேலி பேசியவர்கள் எத்தனை பேர்! பி. சாய்நாத் 1996இல் வந்த தன் புத்தகத்தில் நம் ஊர்ப் பெண்களின் சைக்கிளைப் பற்றித் தனியாகவே எழுதினார். "நீ எதுக்கு ஓட்டணும், நான் கூட்டிட்டுப் போறேன், பின்னால உக்காரு" என்று அன்றைக்கும் அன்பாகத்தான் சொன்னார்கள். கேரியரில் உட்கார்ந்திருந்தவர்கள் இறங்கி ஹேண்டில்பாரைப் பிடித்ததுதான் புதுக்கோட்டையின் பெருமை. அந்தத் தலைமுறைப் பெண்கள்தான் இன்று அறுபது எழுபது வயதில் போனை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களை மறுபடி கேரியரில் ஏற்றிவிட்டோம்.

அறிவொளி மையத்தில் தொண்டர்கள் கற்பவருக்காகக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. கையைப் பிடித்து எழுத வைத்தோம். இன்று 'புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம்' 2022 முதல் நடக்கிறது. டிஜிட்டல் எழுத்தறிவும் அதில் ஒரு பகுதி என்று காகிதத்தில் இருக்கிறது. காகிதத்திலிருந்து அதை இறக்க நிதி, கட்டடம், புரொஜெக்டர் எதுவும் வேண்டாம். ஊருக்கு நான்கு பிளஸ் டூ பிள்ளைகள் போதும். ஞாயிற்றுக்கிழமை மரத்தடியில் உட்கார்ந்து, ஒவ்வொரு பெரியவரின் போனிலேயே, அவருக்கு வேண்டிய மூன்று வேலைகளைச் சொல்லிக்கொண்டே பதிவு செய்து கொடுக்க வேண்டும். அடுத்த ஞாயிறு வந்து, "இப்ப நீங்க பண்ணுங்க, நான் பாக்குறேன்" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். இரண்டாவதுதான் கஷ்டம். கை பரபரக்கும். பிடுங்கக் கூடாது.

ஓய்வு பெற்ற ஆசிரியர்களே, நாம் சும்மாதானே இருக்கிறோம்? கொரோனா காலத்தில் நம்மில் பலர் பாடங்களைப் பதிவு செய்யக் கற்றுக்கொண்டோம். அந்தக் கைப்பழக்கம் துருப்பிடிக்கிறது. எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், போனில் எழுத்தைப் பெரிதாக்குவது எப்படி என்பதிலிருந்து தொடங்குங்கள். செட்டிங்ஸ், அதில் டிஸ்ப்ளே, அதில் ஃபான்ட் சைஸ். பதிவு ஒரு நிமிடம்கூட வராது. கண்ணாடியை நெற்றிக்கும் மூக்குக்கும் ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கும் உங்கள் தெருக்காரர் ஒருவருக்கு இந்த வாரமே அதை எடுத்துக் கொடுங்கள்.