அறுந்த நூலின் பாடம்

எளியது என்று கருதப்படும் தொழிலைச் செய்யத் தொடங்கும்போதே அதன் அருமை விளங்கும். களிமண்ணைக் கலமாக வனைவதும், ஓலையைப் பெட்டியாக முடைவதும், பஞ்சை நூலாக நூற்பதும் காண்பவர்க்கு எளியன; செய்யப் புகுந்தவர்க்கு அரியன. வல்லவனுடைய கை தடையின்றி இயங்குவதைக் கண் காண்கிறது. அக்கை பழகிய ஆண்டுகளைக் காண்பதில்லை. கைத்தொழிலைத் தாழ்வாக மதிக்கும் தவறு இங்கேதான் பிறக்கிறது.

தக்ளியை எடுத்துக்கொள்க. மெல்லிய கம்பி, அதன் அடியில் சிறு வட்டத் தகடு, நுனியில் ஒரு கொக்கி, இவ்வளவே அக்கருவி. ஆயினும் புதிதாக நூற்கும் மாணவன் படும் பாடு சிறிதன்று. வலக்கை விரல்களால் தக்ளியைச் சுழற்றுகிறான். இடக்கையிலுள்ள பஞ்சுப் பட்டையிலிருந்து இழை நீள்கிறது. முறுக்கு ஏறுமுன் இழுத்தால் இழை பிரிந்துவிடும். முறுக்கு மிகுந்தால் சுருண்டு அறும். தடித்தும் மெலிந்தும் வரும் நூல் மெலிந்த இடத்தில் அறும். தக்ளி தரையில் விழும். மீண்டும் இணைத்துச் சுழற்றினால் மீண்டும் அறும். ஒரு முழம் நூல் சேருமுன் அவன் சலித்துவிடுகிறான். இரு கைகளும் இசைந்து இயங்க வேண்டும் என்பதை ஏட்டில் படித்து அறியலாம். எவ்வளவு இழுப்பது, எப்போது நிறுத்துவது என்பதை விரல்களே அறிய வேண்டும்.

இவ்விடர்ப்பாடு சிறுவர்க்கு மட்டும் உரியதன்று. காந்தியடிகள் 1915-ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பி, அகமதாபாத்தில் ஆசிரமம் நிறுவினார். அங்குத் தறிகள் வந்தன; ஆனால் நெய்யத் தெரிந்தவர் ஒருவரும் இலர். பாலன்பூரிலிருந்து வந்த நெசவாளர் தம் கலை முழுவதையும் கற்பிக்கவில்லை. மகன்லால் காந்தி தளராது முயன்று அதனைக் கைவரப்பெற்றார். இராட்டையைத் தேடிக் காண்பதும் எளிதாக இல்லை. கங்காபென் என்னும் அம்மையார் பல இடங்களில் அலைந்து, பரோடா சமஸ்தானத்து விஜாப்பூரில், வீட்டுப் பரண்களில் பயனற்றுக் கிடந்த இராட்டைகளைக் கண்டார். பட்டைகளைத் தவறாமல் தந்து, நூற்ற நூலை வாங்கிக்கொள்வதாயின் மீண்டும் நூற்போம் என்றனர் அவ்வூரார். வாங்குவார் இல்லாத இடத்தில் கைத்திறன் பரணேறிவிடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? பின்னர் 1937-ஆம் ஆண்டு வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில், கைத்தொழிலைக் கல்வியின் நடுவே வைக்க வேண்டும் என்று காந்தியடிகள் வற்புறுத்தினார்.

ஆலைகள் நொடிப்பொழுதில் நூற்பதைக் கையால் நூற்று அல்லற்படுவானேன் என்பர் சிலர். நூலின் அளவு ஒன்றையே கருதினால் அவர் கூற்றுப் பொருந்தும். ஆனால் பள்ளியில் மாணவன் நூற்பது கை பழகுவதற்காக, அறிவு தெளிவதற்காக. தவறிய கணக்கைப் பிறனுடைய விடையைப் பார்த்துத் திருத்திவிடலாம். அறுந்த நூலை அவ்வாறு மறைக்க இயலாது. ஆசிரியர் கூறுமுன்னரே கையிலுள்ள பொருள் பிழையை உரைத்துவிடும். அது சினத்துக்கு அஞ்சாது, சாக்குக்குச் செவிசாய்க்காது. கை திருந்தினால்தான் அதுவும் திருந்தும்.

இப்பயிற்சியால் விளையும் மற்றொரு நன்மை இதனினும் மேலானது. பத்து முறை நூலை அறுத்தவன், கைத்தறிச் சேலைக்கு நெசவாளி கூறும் விலையைக் கேட்டவுடன் மிகையென்று சொல்லான். ஓலை முடையப் புகுந்து விரலைக் கீறிக்கொண்டவன், சந்தையில் பெட்டி விற்கும் மூதாட்டியிடம் ஒரு காசுக்காக வாதாடான். படிப்பு வராதவனுக்கே கைத்தொழில் என்னும் பேச்சு இன்றும் வழங்குகிறது. கைத்தொழிலை ஒரு நாளும் செய்து பாராதவர் பேச்சு அது.

ஆதலின் மாணவர் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு கைத்தொழிலில் முயன்று தோற்றுப் பார்த்தல் நன்று. அவர் வனைந்த பானை கோணலாக இருக்கலாம். நேரிய பானையை வனைந்தவரை மதிக்க அக்கோணற்பானை கற்பிக்குமாயின், அதற்குச் செலவிட்ட பொழுது வீணாகாது.