மீன்தொட்டிக்கு ஒரு மரத்தாங்கி

எங்கள் வீட்டு மீன்தொட்டி முதலில் பழைய தையல் மெஷின் மேசையில்தான் இருந்தது. ஒரு நாள் மஃரிபுக்குப் பிறகு, அப்போதுதான் பிடித்து நடக்கப் பழகிய சின்னவள் மேசைக் காலைப் பற்றி எழும்ப, மேசை சாய்ந்தது. அல்ஹம்துலில்லாஹ், மாமி பிள்ளையை இழுத்தெடுத்துவிட்டார். தொட்டி நொறுங்கியது. மூத்தவன், "உம்மா, மீன் மவுத்தாப் போச்சா?" என்று அழுதுகொண்டே நின்றான். அபூ உமைர் என்ற சிறுவனின் குருவி இறந்தபோது நபி (ஸல்) அவர்கள் அவரிடம் கனிவாக விசாரித்தது நினைவுக்கு வந்தது. அவனை அதட்ட எனக்கு வாய் வரவில்லை.

சகோதரிகளே, தண்ணீரின் பாரத்தை நாம் கணக்கில் எடுப்பதேயில்லை. ஒரு லீற்றர் ஒரு கிலோ. 2 அடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள தொட்டி சுமார் 56 லீற்றர் கொள்ளும். கண்ணாடியும் கல்லும் சேர்ந்தால் 70 கிலோவை நெருங்கிவிடும். ஏறத்தாழ ஒன்றரை மூட்டைச் சீமெந்து! மேசைகள் அதற்காகச் செய்யப்பட்டவையல்ல.

ஓடாவியைக் கூப்பிடுவோம் என்றார் கணவர். நானா விடவில்லை, மரக்காலையில் 2 அங்குலச் சதுரச் சட்டங்கள் வாங்கிவந்து, முற்றத்திலேயே வேலையைத் தொடங்கினார். அவரிடம் நான் கற்றது ஒன்றுதான்: பாரம் மரத்தின் மேல் மரமாக நிலத்துக்கு இறங்க வேண்டும், ஆணியில் தொங்கக்கூடாது. மேல்சட்டம் நான்கு கால்களின் தலையில் உட்கார வேண்டும். காலின் பக்கத்தில் சட்டத்தை வைத்து ஆணியடித்தால், முழுப் பாரமும் அந்த ஆணியில்தான். நான்கு கால்களையும் சேர்த்துக் கட்டி, ஒரே கோட்டில் அறுத்தார். ஒரு கால் சற்றுக் குட்டையானாலும் கண்ணாடி வெடிக்கலாம்.

கீழேயும் ஒரு சட்டம். பின்பக்கம் முழுவதும் ப்ளைவூட் அடித்ததும், அதுவரை ஆடிய தாங்கி அசையாமல் நின்றது. சிப்போட் மலிவுதான், ஆனால் தண்ணீர் பட்டால் ஊதிப்போகும். வேண்டவே வேண்டாம். காலின் அடிப்பாகத்துக்கும் சேர்த்து இரண்டு முறை வானிஷ் பூசி, மணம் போகும்வரை காயவிட்டோம்.

மேலே முக்கால் அங்குலப் பலகை, அதன் மேல் அரை அங்குல ரெஜிபோம், பிறகு தொட்டி. பாதி தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். ஒரு பக்கம் தண்ணீர் உயர்ந்து தெரிந்தது. வெறுமையாக்கி, தாங்கியின் காலுக்கடியில் மெல்லிய மரச்சீவலை வைத்தோம். தொட்டிக்கடியில் வைக்கக்கூடாது.

சின்னவள் இருக்கிறாளே! தாங்கியை இரண்டு இரும்புக் கோணத் துண்டுகளால் சுவரோடு இறுக்கினோம். காற்று மோட்டரின் வயரை ப்ளக்குக்குக் கீழே சற்றுத் தொங்கவிட்டு மேலேற்றினோம். வயர் வழியே வரும் நீர் அங்கேயே சொட்டிவிடும், ப்ளக்குக்குப் போகாது.

மீன்களை மூன்று வாரம் கழித்தே வாங்கினோம். அதுவரை வெறும் தண்ணீருக்கு மூத்தவன் காவலிருந்தான்.